யாரு அக்காவின் சிவப்புப் பென்சில்

சிவப்புப் பென்சிலின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு, அறிக்கையில் 'யாரோ ஒருவர்' என்பதற்கு எழுதியிருக்கும் 'சம்படி' என்ற ஆங்கிலச் சொல்லைச் சுற்றி வட்டம் போடுகிறார் அக்கா. பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்வையை உயர்த்தி ஒரே கேள்வி: "யாரு?"

குளிர்பதனக் கிடங்கின் அலுவலகத்தில் ஆங்கில அறிக்கைகளைத் திருத்தித் தட்டச்சு செய்பவர். பதினெட்டு வருடமாக இதே கேள்வி கேட்டு, 'யாரு அக்கா' என்பதே பெயராகிவிட்டது. மேலாளர் 'எவ்ரிபடி ஹேவ்' என்று எழுதினால் 'ஹேஸ்' ஆக்கிவிடுவார். "ஊரே திரண்டு நின்னாலும் எவ்ரிபடி ஒத்தை ஆளுதான் சார். தனியா கூப்பிட்டுக் கேட்டா அதுவும் வாயத் திறக்காது."

வீட்டிலும் தப்பிக்க முடியாது. "யாரோ போன் பண்ணாங்க" என்று கணவர் சொன்னால், "யாரோன்னு ஒருத்தர் உலகத்துலயே கிடையாதுங்க" என்பார். கணவர் இப்போதெல்லாம் போன் மணி அடித்தாலே பேனாவைத் தேடுகிறார்.

போன வாரம் பிரேக் பிடிக்காமல், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி சுவரில் மோதிப் பெட்டிகள் சரிந்தன. பிரேக் பழுதை ஓட்டுநர் 'எனிபடி'க்கும் தெரிவிக்கவில்லை என்று மேலாளரின் அறிக்கை சொன்னது. அந்தத் தாள் மேலிடத்துக்குப் போனால் ஓட்டுநரின் வேலை போய்விடும்.

அக்கா ஓட்டுநரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"முந்தின வாரமே சீட்டு எழுதிக் குடுத்தேன்க்கா. ஜன்னல் வழியா யாரோ வாங்குனாங்க."

"யாரு?"

"கைதான்க்கா தெரிஞ்சுது. கைக்கு மூஞ்சியா இருக்கு?"

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மேசை மேசையாகப் போனார். எல்லோரும் "நானில்லை" என்றார்கள். ஒரே ஒரு மேசை பாக்கி. அவருடையது.

மேசைமேல் தாள்கள் வைக்கும் தட்டின் அடியில் கிடந்தது சீட்டு. பிரேக்கில் 'சம்திங்' கோளாறு என்று ஓட்டுநர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். 'சம்திங்'கைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'என்ன கோளாறுன்னு கேட்டுட்டு மேல அனுப்பலாம்' என்று ஒதுக்கி வைத்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் நின்ற ஓட்டுநருக்கு விஷயம் புரிந்தது. குரலைத் தாழ்த்தினார். "விடுங்கக்கா. ஆபீஸ்ல யாரோ வாங்குனாங்கன்னு போட்டாலே நான் தப்பிச்சுக்குவேன். உங்களுக்கு எதுக்கு வம்பு?"

அக்கா மேலாளரின் அறிக்கையை எடுத்தார். 'தெரிவிக்கவில்லை' என்ற வரியைக் கோடு போட்டு அடித்தார். தெரிவித்தார் என்று எழுதி, சீட்டை வாங்கியவர் என்ற இடத்தில் தன் முழுப்பெயரை மையால் நிதானமாக எழுதினார். காதிலிருந்து பென்சிலை எடுத்து நகத்தில் தேய்த்துப் பார்த்தார். பிறகு அந்தப் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.