வலிக்காத கால்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் வருஷா வருஷம் தணல் பரப்பிய பூக்குழியில் இறங்குகிறவர் என் தாய்மாமா. ஏதோ ஈரத்தரையில் நடந்து வந்தவர்போல மறுபக்கம் நின்று வெற்றிலை கேட்பார். அந்தக் காலில் என்னமோ விசேஷம் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். ஏழு வயதில் வேறு என்ன வேலை? மல்லிகைத் தோட்டத்தில் அவர் செருப்பில்லாமல் நடந்தால், குனிந்து பார்த்துக்கொண்டே பின்னால் போவேன்.

அம்மா வத்தலக்குண்டுப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்கள் கால் எரிச்சல் என்றால், "சுடுதண்ணியில கல்லுப்பப் போட்டுக் கால வைங்க" என்பாள். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். மாமாவுக்கும் சர்க்கரை உண்டு. அவர் பழனிக்கு நடந்து போய்த் திரும்பிய அன்று, அம்மா தன் அண்ணனுக்கும் அதே வைத்தியம் செய்தாள்.

வெந்நீர்ப் பேசினில் இரண்டு காலையும் விட்டு, "அப்பாடா, சொகமா இருக்குத்தா" என்றார் மாமா. எவ்வளவு சுகம் என்று பார்க்க நானும் விரலை விட்டேன். அம்மாடி! நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடி வந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள்.

"கால வெளிய எடுண்ணே! சுடலயா ஒனக்கு?"

"பூக்குழி எறங்குன காலுத்தா இது. இதெல்லாம் ஒரு சூடா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மாமாவின் பாதத்தில் அப்பளம்போலக் கொப்புளம். அம்மா டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"சக்கர உள்ளவுகளுக்குக் கால் மரத்துப் போயிருமாம், சுடுதண்ணியில வைக்கவே கூடாதாம்ணே. அம்புட்டுப் பேருக்கும் சொல்லி விட்ருக்கேனே, பாவி! சரி, கண்ண மூடு. தொட்டதும் சொல்லு."

பஞ்சால் பெருவிரலைத் தொட்டாள். குதிகாலைத் தொட்டாள். மாமா கண்ணை மூடியபடியே, "ஏந்தா, எப்பத்தான் தொடப்போற?" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு சுகாதார நிலையத்தில் யார் மாத்திரைக்கு வந்தாலும் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்த்தாள். மாமாவின் புண் ஆறுவதாக இல்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் அம்மா கேட்பாள், "வலிக்குதாண்ணே?" மாமா சிரிப்பார், "கொஞ்சங்கூட இல்ல, நீ பாட்டுக்குக் கட்டு."

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அம்மா வாய்விட்டு வேண்டிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"ஆத்தா, எங்கண்ணனுக்கு அந்தக் கால் வலிக்கணும்."

கூடப்பிறந்தவனுக்கு வலி வேண்டும் என்று கேட்கிற தங்கச்சி உண்டா? எனக்கு வந்த கோபத்தில் கண்ணை இறுக மூடி, என் மாமாவுக்கு எப்போதும் வலிக்கவே கூடாது என்று ஆத்தாவிடம் எதிர்வேண்டுதல் வைத்தேன். அது ஏற்கெனவே பலித்துக் கிடந்தது என்பது எனக்குத் தெரியாது.