நேசம்மா கேட்ட எஞ்சின் சத்தம்

நெடுந்தீவில் ஒரு பாடசாலையில் எழுதுவினைஞராக இருக்கும் யூலியட்டால் அரை மணித்தியாலம் தொடர்ந்து ஒரு கதிரையில் இருக்க முடியாது. பதிவேட்டில் பாதிப் பக்கம் எழுதுவாள். எழுந்து யன்னலடிக்குப் போவாள். திரும்பி வந்து மிச்சத்தை எழுதுவாள். மேசைக்குக் கீழே கால் எப்போதும் எதற்கோ தாளம் போட்டுக்கொண்டிருக்கும். புதிதாக வந்த அதிபர் முதல் மாதம் ஏசிப் பார்த்தார். இரண்டாம் மாதம் அவளுடைய மேசையைத் தன் அறைச் சுவரிலிருந்து தள்ளிப் போடச் சொன்னார்.

பன்னிரண்டு வயதிலிருந்து மாதா கோயிலில் ஓர்கன் வாசித்தவள். ஆனால் பாட்டில் அவளுக்குப் பெரிய பிரியம் இருந்ததில்லை. பாட்டுத் தொடங்கு முன்னும் முடிந்த பின்னும் ஓர்கன் மட்டும் தனியே நிற்கும் சில விநாடிகள்தான் அவளுக்கு வேண்டியிருந்தன. அந்த விநாடிகளை வருசத்துக்கு வருசம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினாள். "பிள்ளை, பூசை பிந்துது" என்று சுவாமியார் சொல்லுமளவுக்கு நீட்டினாள்.

2019இல் பிரான்சிலிருந்த தம்பி ஒரு பழைய சிந்தசைசரை அனுப்பினான். அதில் ஒரு கட்டையை அழுத்திவிட்டு ஒரு திருகியை மெல்லத் திருப்பினால் ஒரே ஒலி ஒரு நிமிடம்வரை நிறம் மாறிக்கொண்டே நிற்கும். யூலியட்டுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பெற்றோர் இல்லாத வீட்டில் தனியே இருந்தாள். தன் கால்கள் அசையாமல் இரண்டு மணித்தியாலம் இருந்ததை அவள் முதன்முதலாகக் கண்டது அந்தப் பெட்டிக்கு முன்னால்தான்.

இருந்தாலும் அதில் ஒரு குறை. ஒலிபெருக்கியைப் போட்டால் பின்னால் ஒரு இரைச்சல் விடாமல் கேட்டது. அதைப் பார்க்க வந்தவன் றொபின்சன். தீவின் மின்நிலையத்தில் டீசல் ஜெனரேற்றர்களைப் பார்க்கிறவன், யூலியட்டைவிட ஐந்து வயது இளையவன். பின்மூடியைக் கழற்றி ஏதேதோ பற்றவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"இது கரண்டின்ர சத்தம் அக்கா. நான் நாள் முழுக்க இதுக்குள்ளதான் இருக்கிறன். குறைக்கலாம், ஒரேயடியா நிப்பாட்ட ஏலாது."

அன்று அங்கே இன்னொருத்தியும் இருந்தாள். சுருவிலைச் சேர்ந்த பவதாரணி, அந்த வருசம் பாடசாலைக்கு வந்த சங்கீத ஆசிரியை. திங்கள் காலையில் குறிகட்டுவானிலிருந்து படகேறி வந்து வெள்ளி பின்னேரம் திரும்புவாள். அவள் காதைச் சாய்த்து அந்த இரைச்சலைக் கேட்டாள்.

"இது ஒரு சுரத்திலயும் நிக்கேல்லை. ரெண்டு சுரத்துக்கு நடுவில நிக்குது" என்றாள்.

"அப்ப நாங்கள் அதுக்குக் கிட்டப் போவம்" என்றாள் யூலியட்.

மூவரும் சேர்ந்த குழு அப்படித்தான் தொடங்கியது. சிந்தசைசரின் சுருதி முழுவதையும் அந்த மின்சார இரைச்சலுக்குச் சரியாக இறக்கி வைத்தார்கள். பவதாரணி இன்னொரு சிந்தசைசர் வாங்கினாள். றொபின்சன் ஒரு பழைய கணினியைத் திருத்தி ஒலிப்பதிவுக்கு ஏற்றதாக்கினான். குழுவுக்கு நீர்மட்டம் என்று பெயர். பாடகர் கிடையாது, வரிகள் கிடையாது. எட்டு இசைகள் கொண்ட ஒரு அல்பம் செய்வது, அதற்குச் சோளகம் என்று பெயர் வைப்பது என்று முடிவானது. வருசத்தில் நான்கைந்து மாதம் தீவை ஓய விடாமல் அடிக்கிற அந்தக் காற்றின் பெயரைவிட யூலியட்டுக்குப் பொருத்தமான பெயர் வேறில்லை என்று பவதாரணி சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள், முழுக்கப் பகிடியில்லை.

ஏனென்றால் யூலியட் ஒன்றையும் முடிக்க விடவில்லை. வெள்ளிக்கிழமை சரியென்று வைத்ததைத் திங்கட்கிழமை கலைத்திருப்பாள். மூன்றாவது இசைக்கு முப்பத்தொரு வடிவங்கள் இருந்தன.

"அக்கா, போன கிழமை கேட்டதுதான் நல்லம்" என்பாள் பவதாரணி.

"அதில காத்து நிண்டுபோச்சு."

"காத்து நிக்கத்தானே வேணும் ஒரு நேரமெண்டாலும்."

"எனக்கு நிக்கிறேல்லையே, நான் என்ன செய்ய?"

ஒலிகளைச் சேகரிக்கப் போகும்போதும் அப்படித்தான். கைபேசியுடன் ஒரு சிறிய மைக்கைப் பொருத்திக்கொண்டு துவிச்சக்கர வண்டியில் தீவைச் சுற்றுவாள். கல்மதில்களின் இடுக்குகளுக்குள் காற்று நுழையும் சத்தம், இறங்குதுறையில் சங்கிலி இழுபடும் சத்தம், வற்றிய கேணியில் மாடுகள் நடக்கும் சத்தம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். 2023 ஏப்ரலில் ஒரு நாள் காலையில் செல்வரத்தினத்தின் படகில் ஏறினாள்.

செல்வரத்தினத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. கோயிலுக்குப் பின்னால் வீடு. கரையிலிருப்பவர்கள் எஞ்சின் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள், அவருடைய எஞ்சினைச் சின்னப் பிள்ளைகளும் சொல்லும். நாலு அடி ஒழுங்காக அடித்து ஐந்தாவதை விழுங்கும் எஞ்சின் அது. யூலியட் மைக்கை நீட்டியபோது அவர் சிரித்தார்.

"எல்லாரும் இதை மாத்தச் சொல்லுகினம். நீர்தான் பாட்டில போடுறன் எண்டு வாறீர்."

பன்னிரண்டு நிமிடங்கள் பதிவு செய்தாள். வீட்டுக்கு வந்து கணினியில் அதை அரைவாசி வேகத்துக்குக் குறைத்தபோது, விழுங்கப்பட்ட அந்த ஐந்தாவது அடியின் இடத்தில் ஒரு பெரிய வெளி திறந்தது. அதற்கு மேலே பவதாரணி ஒரு நீண்ட ஒலியை மெல்லப் பரப்பினாள். நான்கு மாதமாக அதை வைத்தே வேலை செய்தார்கள். ஆறாவது இசை அது. மூவரும் ஒத்துக்கொண்ட ஒரே இசையும் அதுதான்.

ஓகஸ்ட் நடுவில் செல்வரத்தினம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. காற்று அன்று பெரிதாகவும் இல்லை. மூன்று நாள் ஊர்ப் படகுகளெல்லாம் தேடின. நான்காம் நாள் அவருடைய படகு மேற்கே கவிழ்ந்தபடி கிடைத்தது. எஞ்சின் அதில் இல்லை. அவரும் கிடைக்கவில்லை.

அவருக்காக வைத்த மாதப் பூசைக்குப் பிறகு மூவரும் யூலியட்டின் வீட்டில் கூடினார்கள்.

"இருக்கட்டும் அக்கா. அவற்ற ஞாபகமா இருக்கும்" என்றான் றொபின்சன்.

"நேசம்மா அக்காவிட்டைக் கேக்க வேணும். கேக்காமல் போடக் கூடாது" என்றாள் பவதாரணி. நேசம்மா செல்வரத்தினத்தின் மனைவி.

"நான் கேக்கிறன்" என்றாள் யூலியட்.

கேட்கவில்லை. ஒரு நாள் பாடசாலை விட்டதும் நேசம்மா வீட்டு வாசல் படலைவரை போனாள். உள்ளே ஆட்கள் இருந்ததால் திரும்பினாள். இன்னொரு நாள் நேசம்மா தனியே இருந்தார், அதனாலும் திரும்பினாள். மூன்றாம் முறை துவிச்சக்கர வண்டியை நிறுத்தவேயில்லை. பவதாரணி விசாரித்தபோது, "அரைவாசி வேகத்தில இருக்குது. ஆருக்கும் விளங்காது" என்றாள். தனக்கே அது நம்பிக்கையில்லாத பேச்சு என்று தெரிந்துதான் சொன்னாள்.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் சோளகத்தை முதன்முறையாக வாசித்தார்கள். அறுபது பேரளவில் வந்திருந்தார்கள். முதல் இசை முடிந்ததும் கைதட்டினார்கள். இரண்டாவது முடிந்ததும் முன்வரிசைக் கிழவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "பாட்டு எப்ப தொடங்கும்?" என்று கேட்டது மேடைவரை கேட்டது. நான்காவதில் சிலர் எழுந்து போனார்கள். மிஞ்சியவர்கள் மெல்ல மெல்ல அமைதியாகிக் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு தாயின் மடியில் குழந்தை நித்திரையானது.

ஆறாவது தொடங்கியது. கணினியிலிருந்து எஞ்சின் மெதுவாக வந்தது. நாலு அடி, ஒரு விழுங்கல். நாலு அடி, ஒரு விழுங்கல். பின்வரிசையில் நின்ற மீனவர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் கடல் பக்கத்து யன்னலைத் திரும்பிப் பார்த்தான். யூலியட் அதைக் கண்டாள். கண்டும் விரல்களை எடுக்கவில்லை.

மண்டபத்துக்கு நாலு வீடு தள்ளித்தான் நேசம்மாவின் வீடு. அவர் வந்து வாசலில் நின்றபோது கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. காலில் செருப்பில்லை. மண்டபத்துக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், பிறகு மேடையைப் பார்த்தார். யூலியட்டின் கை கட்டைகளிலிருந்து தானாக விலகியது. றொபின்சன் எட்டிக் கணினியை நிறுத்தினான்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்றார் நேசம்மா. குரல் உயரவில்லை. "எங்கட எஞ்சின் களைச்சுப்போய் வாற மாதிரிக் கேட்டது. அதுதான் வந்தனான்."

அவர் திரும்பி நடந்தார். அன்று ஏழாவதும் எட்டாவதும் வாசிக்கப்படவில்லை.

அடுத்த நான்கு நாட்கள் யூலியட் ஓரிடத்தில் இருக்கவில்லை. சோற்றை நின்றபடி சாப்பிட்டாள். பாடசாலையில் ஒரே கடிதத்தை இரண்டு தரம் அடித்தாள். ஐந்தாம் நாள் பின்னேரம் போய் நேசம்மாவின் படலையைத் தட்டினாள்.

"இரும்" என்று நேசம்மா ஒரு கதிரையைக் காட்டினார். யூலியட் இருக்கவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நான் உங்களிட்டைக் கேட்டிருக்க வேணும். மூண்டு தரம் வந்தனான், கேக்கேல்லை."

"கண்டனான். ரெண்டு தரம் கண்டனான், சைக்கிளோட நிண்டனீர்." நேசம்மா கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். "கேட்டிருக்கலாம் எல்லோ. கேட்டிருந்தால் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருப்பன். ஊர் முழுக்கப் பாக்க அப்பிடி ஓடி வந்திருக்க மாட்டன்."

யூலியட் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

"உந்த இசையை எடுத்துப்போட்டு எஞ்சினை மட்டும் போட்டுக் காட்டுவீரோ? அவர் ஓடுற வேகத்தில."

யூலியட் கைபேசியை மேசையில் வைத்துப் பதிவைத் தொடக்கினாள். அப்போதுதான் கதிரையில் இருந்தாள். எஞ்சின் தன் உண்மையான வேகத்தில், அவசரமாக, ஐந்தாவது அடியை விழுங்கி விழுங்கி ஓடியது. ஒன்பதாவது நிமிடத்தில் காற்றுக்கு நடுவே செல்வரத்தினத்தின் குரல் வந்தது. "சோத்துப்பெட்டியைக் காணேல்லை. வீட்டில விட்டிட்டு வந்திட்டன் போல. இண்டைக்கு ஏச்சுத்தான்." அந்தப் பகுதியை யூலியட் அல்பத்துக்கு வேண்டாமென்று வெட்டியிருந்தாள்.

நேசம்மா முந்தானையால் வாயைப் பொத்தினார். சிரிப்பாகத்தான் தொடங்கியது.

"ஓம், ஏசினனான்" என்றார் பிறகு. "கத்தரிக்காய்க் குழம்பு. நாயளுக்குத்தான் போட்டனான். பின்னேரம் வரைக்கும் ஏசினனான்."

பதிவு முடியும்வரை இருவரும் இருந்தார்கள். முடிந்ததும் நேசம்மா கேட்டார். "இதை எனக்குத் தருவீரோ?"

"ஓம் அக்கா. அல்பத்தில..."

"அதில வேண்டாம். அதில போட்டால் கண்ட கண்ட ஆக்களெல்லாம் கேப்பினம். அவையளுக்கு அது ஒரு சத்தம். எனக்கு அப்பிடி இல்லை, பிள்ளை."

யூலியட் அன்றே பதிவை நேசம்மாவின் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தாள். தன்னுடைய கணினியிலிருந்தும் கைபேசியிலிருந்தும், அதை வைத்துச் செய்த ஆறாவது இசையோடு, அழித்தாள். அழித்த பிறகுதான் மற்ற இருவருக்கும் சொன்னாள்.

பவதாரணி தலையாட்டினாள். றொபின்சனுக்கு முகம் கறுத்தது.

"நேசம்மாக்கா சொன்னது சரி. அதை நான் பிழையெண்டு சொல்லேல்லை" என்றான். "ஆனால் நாலு மாசம் நானும்தானே இருந்து செய்தனான். வந்து சொல்லிப்போட்டு அழிச்சிருக்கலாம். அவவிட்டையும் கேக்கேல்லை, எங்களிட்டையும் கேக்கேல்லை. உங்களுக்கு ஒண்டு மனசில வந்தால் அந்த நிமிசமே செய்ய வேணும்."

எழுந்து போனவன் மூன்று கிழமை வரவில்லை. யூலியட் மின்நிலைய வாசலுக்கு இரண்டு தரம் போய், இரண்டு தரமும் உள்ளே போய் அவனைக் கண்டாள். முதல் தரம் அவன் வேலை இருக்கிறது என்றான். இரண்டாம் தரம், ஜெனரேற்றர்களின் இரைச்சலில் அவன் காதுக்குக் கிட்டப் போய், "நான் செய்தது பிழை" என்று இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை அவனுக்குக் கேட்கவில்லை. கேட்டும் கேட்காத மாதிரி இருந்தானோ தெரியாது.

2024 ஜனவரியில் சோளகம் இணையத்தில் வெளியானது. ஏழு இசைகள். ஐந்தாவது முடிந்து அடுத்தது தொடங்குமிடத்தில் ஒரு பொருந்தாத இடைவெளி இருக்கிறது, கவனமாகக் கேட்பவர்களுக்கு அது தெரியும். அதை நிரப்ப யூலியட் பதினான்கு விதமாக முயன்று கடைசியில் விட்டுவிட்டாள். கேட்டவர்கள் சில நூறு பேர். கனடாவில் ஸ்காபரோவிலிருந்து கரம்பொன்னைச் சேர்ந்த ஒருவர், மழைநாளில் கார் ஓட்டும்போது கேட்பதாக எழுதினார். வேறொருவர் பாடகரின் பெயர் ஏன் இல்லை என்று கேட்டார்.

நேசம்மா பூசையில் கண்டால் தலையசைப்பார். ஒரு தரம் பொரித்த மீன் கொடுத்தனுப்பினார். பதிவை அவர் எத்தனை தரம் கேட்கிறார், கேட்கிறாரா இல்லையா என்று யூலியட் விசாரித்ததில்லை.

பவதாரணிக்குப் போன வருசம் கரம்பொன் பக்கத்துப் பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்தது. இப்போது சனிக்கிழமைகளில் யூலியட்டும் றொபின்சனும்தான் அவளிடம் படகேறிப் போகிறார்கள். படகில் எல்லோரும் உள்ளே இருக்க, யூலியட் மட்டும் எழுந்து எழுந்து பின்பக்கம் போய் வருவாள். சிந்தசைசர் தண்ணீர் படாமல் றொபின்சனின் மடியில் இருக்கும். இரண்டாவது அல்பத்துக்கு நான்கு இசைகள் ஆகிவிட்டன என்று பவதாரணி ஆட்களிடம் சொல்லியிருக்கிறாள். யூலியட்டைக் கேட்டால் ஒன்றரை என்கிறாள். அந்த அரைவாசியையும் போன சனிக்கிழமை கலைத்துவிட்டாள், இந்த முறை மற்ற இருவரிடமும் கேட்டுவிட்டு.