ஜெர்மன் கத்திக்கு என்ன விலை?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு கணவனும் மனைவியும் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கணவர் கையில் ஒரு துணிப் பொட்டலம்.

எல்லாம் நானே தேடிக்கொண்டதுதான்! பழைய மடக்குக்கத்திகளைச் சேர்த்து வைக்கும் என் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்ச நாளைக்கு முன்பு இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எழுதித் தொலைத்தேன். அன்றிலிருந்து கிருஷ்ணகிரியில் யார் வீட்டுப் பரணில் கத்தி கிடைத்தாலும் நேராக என்னிடம் வந்துவிடுகிறது.

வந்தவர் அந்தோணிசாமி. பெங்களூர் ரோட்டில் ஒரு லாரி ஆபீசில் மேஸ்திரி. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பட்டாளத்தில் இருந்தவர் – உட்காரும்போதுகூட முதுகு வளையவில்லை. மனைவி ஆரோக்கியமேரி, பொட்டலத்துக்கு எட்டாத தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்குது சார். அதுக்குள்ள இது வூட்டை விட்டுப் போவணும்னு இவ ஒத்தக்கால்ல நிக்கறா. பெங்களூரு கண்டோன்மென்ட்ல ஒருத்தர் ஜெர்மன் சாமானுக்கு நல்ல வெலை குடுக்கறாராம். அசல்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"ஜெர்மன் கத்தியா?"

"ஆமாங்க சார். ஆப்பிரிக்காவுல, ஒரு ஜெர்மன் ஆபீசர்கிட்ட இருந்து எடுத்தது."

"அவராகக் கொடுத்தாரா?"

அந்தோணிசாமி மனைவியை ஒருமுறை பார்த்தார். "குடுப்பானா சார்? அவனா, நானான்னு ஆயிடுச்சு."

ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டார்.

பழைய சாமானோடு எப்போதும் ஒரு கதையும் கூடவே வரும். விலை சொல்பவன் முதலில் அந்தக் கதையைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். நானும் வைத்தேன். கத்தியைக் கையில் எடுத்தேன்.

கறுப்புக் கைப்பிடி. ஒரு பக்கம் அலகு, இன்னொரு பக்கம் டின் திறக்கிற கொக்கி. மடக்கிப் பார்த்தேன்... 'டக்'கென்று நல்ல சத்தம். ஆட்டிப் பார்த்தேன், ஆணி தளரவில்லை. கத்தியின் ஊர் பேர் எல்லாம் அலகின் அடியில், ஆணிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே துரு. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தேன்.

இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. ஓர் இங்கிலாந்து ஊரின் பெயர். யுத்த காலத்து வருஷம். அதன் கீழே சின்னதாக ஓர் அம்புக்குறி.

அந்த அம்பு எனக்குப் பழக்கமானது. வெள்ளைக்கார சர்க்கார் தன் சாமான்களில் குத்திய முத்திரை. யுத்தம் முடிந்ததும், பட்டாளத்தில் மிஞ்சிய சாமான்களை விற்கிற பெங்களூர் டிஸ்போசல் கடைகளில் இதே கத்திகள் குவியலாகக் கிடந்தன. ஜெர்மனியாவது, ஆபீசராவது... சிப்பாய்களுக்குக் கொடுத்த சாதாரணக் கத்தி!

இன்னொன்றும் கவனித்தேன். அலகு ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. டின் திறக்கும் கொக்கிதான் பாதியாகத் தேய்ந்திருந்தது.

நிமிர்ந்தேன். அந்தோணிசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. கட்டிய மனைவி எதிரில் ஒரு மனிதரை எப்படிக் கவிழ்ப்பது? 'அப்புறம் சொல்கிறேன்' என்று அனுப்பிவிடலாமா?

அதற்குள் ஆரோக்கியமேரி கேட்டார்: "ஏன் சார் பேச மாட்டேங்கறீங்க? ரத்தக்கறை ஏதாச்சும் இருக்குதா?"

அந்தக் குரலைக் கேட்ட பிறகு மறைக்க மனம் வரவில்லை.

"ரத்தமெல்லாம் இல்லையம்மா. இது ஜெர்மன் கத்தியே இல்லை. நம் பட்டாளத்திலேயே கொடுத்தது. டின் திறந்ததைத் தவிர இது பெரிதாக வேறெதுவும் செய்ததாகத் தெரியவில்லை."

ஆரோக்கியமேரி கணவர் பக்கம் திரும்பினார். "அப்ப... அந்த ஆளு?"

"எந்த ஆளும் இல்ல மேரி." அந்தோணிசாமியின் முதுகு முதல்முறையாக வளைந்தது. "நான் ரேஷன் ஸ்டோர்ல இருந்தேன். பொண்ணு பாக்க வந்தப்ப உங்கண்ணன், 'எத்தினி பேரைச் சுட்டீங்க'ன்னு கேட்டாரு. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தீங்க. வாயில வந்துடுச்சு. அப்புறம் எப்பிடி மாத்தறது?"

சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். ஆரோக்கியமேரி அழுதார்.

"வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு, செத்த அந்த ஆளுக்கு மாதா கோயில்ல பூசை வெக்கறேன் சார். பேரு தெரியாதில்ல? சாமியார்கிட்ட 'ஒரு ஆத்துமாவுக்கு'ன்னு மட்டும் சொல்லுவேன். அந்தப் பாவம் எம் பொண்ணு மேல வந்து வுழக்கூடாதுன்னுதான்..."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே!" என்றார் அந்தோணிசாமி.

"சொன்னா நீங்க மனசு ஒடைஞ்சு போவீங்கன்னு நெனைச்சேன்."

ஒருவர் பொய் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். மற்றவர் அதை நம்பிவிட்டு வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருஷமும் ஒரே வீட்டில், ஒரே கத்தியோடு!

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெலை என்னாங்க சார் போவும்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"டிஸ்போசல் கடையில் ஐந்து ரூபாய் சொல்வான். பேரம் பேசினால் மூன்றுக்குக் கொடுப்பான்."

ஆரோக்கியமேரி எழுந்து வந்தார். கத்தியை எடுத்து மடக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "விக்க வேணாம். கல்யாண வூட்டுல பால் டின்னு ஒடைக்க ஆவும்."

வாசல்வரை கூடப் போனேன். செருப்பைப் போட்டபடியே அந்தோணிசாமி மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இனிமே அந்தப் பூசை வேணாமில்ல?"

"இத்தினி வருசமா ஏதோ ஒரு ஆத்துமாவுக்குப் போய்ச் சேர்ந்துக்கிட்டுதானே இருந்திருக்கும்? திடீர்னு நிறுத்துனா அது என்னா நெனைக்கும்?"

மனைவியின் பையைத் தான் வாங்கிக்கொண்டு அந்தோணிசாமி படியிறங்கினார்.