பீங்கான் திருப்பி அனுப்பிய குண்டு

ஜூன் 8, ஞாயிறு. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்து, காபி குடித்து, பேப்பர் படித்துவிட்டு எங்கள் செராமிக் யூனிட்டுக்குப் போனேன். காயவைத்திருந்த டீ கப் பலகைகளில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. வேறு யார்? குரங்குகள்தான்.

அதற்குத்தான் என் கணவர் ஆன்லைனில் ஒரு ஏர்சாஃப்ட் துப்பாக்கி வாங்கியிருந்தார். பார்க்க நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கிறது. உள்ளே போவதோ மிளகைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் குண்டு.

"குரங்கு மேல அடிக்கப் போறதில்ல. கூரைத் தகரத்துல அடிச்சா சத்தத்துக்கே ஓடிடும்" என்றார்.

பெட்டியைப் பிரிக்கும்போது பக்கத்து வீட்டு ஜாபர் வந்தார். தோஹாவில் கிரேன் ஓட்டுகிறவர். லீவு முடிந்து வியாழக்கிழமை ஃப்ளைட். போனதும் மெடிக்கல். கண் டெஸ்ட்டில் தேறினால்தான் மறுபடி கிரேன் ஏற முடியும்.

"ஏண்ணே, இந்த வயசுல பொம்மைத் துப்பாக்கியா? அண்ணிக்குப் பயந்து வாங்கிட்டீங்களா?"

"குரங்குக்குடா. நீ எப்ப தோஹாவுக்குப் போவேன்னு அதுங்களும் கேட்டுக்கிட்டுதான் இருக்குது!"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம்... எதையும் களிமண்ணில் வைத்துப் பார்த்து முடிவு செய்வது. என் கணவர் சூளைக்குப் போகாத, ஈரம் முழுக்கக் காயாத கப் ஒன்றை நிறுத்திச் சுட்டார். குண்டு கப்பின் வயிற்றில் புதைந்து நின்றது.

"பாத்தியா? கப்புகூட உடையல. வெறும் பொம்மை!"

அடுத்து, பளபளக்கும் கிளேஸ் பூச்சு போட்டுச் சூளையில் வெந்த, சிறு குறைக்காக செகண்ட்ஸில் ஒதுக்கிய கனமான கிண்ணம். 'டிக்' என்று ஒரு சத்தம். கிண்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜாபர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி... இடது கண்ணுல புகை மாதிரி இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் கண் டாக்டர் கிளினிக்கைத் திறந்தார். திரும்பி வந்த குண்டு கண்ணின் ஓரத்தில் பட்டு, உள்ளே லேசாக ரத்தம் கசிந்திருக்கிறதாம். சொட்டு மருந்து கொடுத்து, கண்ணுக்கு மூடி போட்டு, தலையை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னார். "காலையில எப்படி இருந்தாலும் வாங்க. மங்கல் அப்படியே இருந்தா பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் படித்தேன். முதலிலேயே படித்திருக்கலாமே என்கிறீர்களா? வாங்கிய பொருளின் பெட்டியை யார் படிக்கிறார்கள்!

விநாடிக்கு 350 அடி என்று போட்டிருந்தது. கணக்குப் போட்டேன் — மணிக்கு முந்நூற்றெண்பது கிலோமீட்டருக்கு மேல். வேப்பூர் ஹைவேயில் எந்த ஆம்னி பஸ்ஸும் கனவிலும் தொடாத வேகம். குண்டின் எடை கால் கிராம்கூட இல்லை, அதில்தான் ஏமாந்தோம். வேகம் இரண்டு மடங்கானால் குண்டு சுமந்து வரும் சக்தி நான்கு மடங்காகும். ஈரக் களிமண் அதை விழுங்கிக்கொண்டது. கிளேஸ் போட்ட பீங்கான் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பியது. கண்ணுக்கோ விழுங்கவும் தெரியாது, திருப்பி அனுப்பவும் தெரியாது.

சுடுகிறவர் மட்டுமல்ல, சுற்றி நிற்கிற எல்லோரும் அடி தாங்கும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும், கெட்டியான பரப்பில் சுடக் கூடாது என்றும் இருந்தது. என் கணவர் போட்டிருந்தது படிக்கிற கண்ணாடி... அது உடைந்தால் அதுவே குத்தும். குண்டு நிரப்பும் மேகஸினைக் கழற்றிய பிறகும் உள்ளே ஒரு குண்டு நிற்கக்கூடும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அன்று அவர் சாப்பிடவில்லை. "அவன் வேல போச்சுன்னா நான் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு அந்த வூட்டு வாசப்படி ஏறுவேன்?" என்றார்.

திங்கள் காலை. கண் விழித்ததும் நேராக ஜாபர் வீட்டுக்கு ஓடினேன். தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூடியை மெதுவாக எடுத்தார். வலது கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வாசலில் நின்ற என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

"என்னா அண்ணி, ஒரு கால்ல உங்க செருப்பு, இன்னொரு கால்ல அண்ணன் செருப்பு?"