இருநூறாவது கிளை

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்பரீனின் கண் சுவரில் பிளக்கைத் தேடும். வீட்டுக்காரர்கள் காபியா டீயா என்று கேட்பதற்குள் கைப்பையிலிருந்து ஒரு ஹோல்டரை எடுத்துவிடுவார். அதில் ஒரு குண்டு பல்பு, இரண்டு முழம் ஒயர். ஒரு முனையைப் பிளக்கின் வலது கண்ணிலும், மறுமுனையை மேலே இருக்கும் பெரிய கண்ணிலும் செருகுவார். பல்பு எரிந்தால் கசிகிற கரண்டை மண்ணில் இறக்கும் எர்த்து அந்த வீட்டில் இருக்கிறது, காபி குடிப்பார். எரியாவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். "எர்த்து இல்லபா. முதல்ல அத்த பாரு, அப்பறம் என்ன உபசரிக்கலாம்." மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டிலும் செருகினார். எரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி, எர்த்துப் போட்ட பிறகுதான் தேதி குறித்தார்கள்.

வயது ஐம்பத்திரண்டு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் நடத்துகிறார். கோபம் மூக்குக்கு மேல் என்பார்கள் மாணவர்கள். அந்தக் கோபத்தை அதிகமாகத் தின்பது வகுப்பறை அல்ல. எட்டு வருடமாக அவர் செயலாளராக இருக்கும் பொறியாளர் சங்கத்தின் காஞ்சிபுரம் கிளை. சங்கத்தின் முழுப் பெயரை எழுதினால் இந்தப் பத்தி முடிந்துவிடும், வேண்டாம்.

நான்கு வருடத்துக்கு முன் அந்தச் சங்கத்துக்கு நாடு முழுக்க நூற்றுப் பதினெட்டு கிளைகள். இப்போது நூற்றுத் தொண்ணூற்றொன்பது. கிளை திறப்பதற்கு வேண்டியது ஒரு பேனர், ஒரு குத்துவிளக்கு, நாலு சால்வை, ஒரு குழுப்படம், வடை பாயசத்தோடு சாப்பாடு. திறந்த கிளை அடுத்த வருடம் என்ன கிழித்தது என்று எவரும் கேட்பதில்லை. ஆண்டறிக்கையின் அட்டையில் தேச வரைபடம், கிளைக்கு ஒரு சிவப்புப் புள்ளி. "அம்மை போட்ட முதுகு மாதிரி இருக்குது" என்று அதை மேஜை டிராயருக்குள் தள்ளிவிட்டார் அம்பரீன்.

காஞ்சிபுரம் கிளையின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். மாதக் கூட்டம் நடக்கும் மாடி ஹாலில் எர்த்து கிடையாது. அங்கே இருப்பது இரும்பு உடம்பு மைக். பிடித்தால் சுருக்கென்று கையைக் கடிக்கும். உறுப்பினர்கள் அறுபத்தொரு பேரும் படித்த பொறியாளர்கள். எட்டு வருடமாக அவர்கள் கண்டுபிடித்திருக்கும் பரிகாரம், மைக் ஸ்டாண்டில் தொங்கும் ஒரு துண்டு. பேச வருகிறவர் அதை மைக்கில் சுற்றிக்கொண்டு மின் பாதுகாப்பைப் பற்றிக்கூடப் பேசுவார். அம்பரீன் சண்டை போட்டுப் பார்த்தார். கிளைத் தலைவர் கலியாணசுந்தரம், பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர், சிரித்தபடி சொன்னார்: "ஹால்காரர் குழி வெட்ட விடமாட்டாரும்மா. ரெண்டு நிமிஷப் பேச்சுக்குத் துண்டு போதாதா?" அன்றிலிருந்து அம்பரீன் அந்த மைக்கைத் தொடுவதில்லை. தொண்டையைத் தீட்டிக்கொண்டு கத்துவார்.

போன ஐப்பசி மழையில்தான் அது சிரிக்கிற விஷயமாக இல்லாமல் போனது. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிற கமலவேணிக்கு சேலையில் பூப்போடும் ஜக்கார்டுப் பெட்டியைத் தூக்கும் மோட்டாரில் ஷாக் அடித்தது. குழித்தறி, அடியில் ஈரம், சட்டம் முழுக்கக் கரண்டு. புருஷன் ஓடிப்போய் மெயினை அணைக்கும்வரை வலது கை ஒட்டிக்கொண்டே இருந்தது. உயிர் பிழைத்தார். இரண்டு விரல் மடங்குவதில்லை. "இழை அறுந்தா முடி போட வர்ல டீச்சரம்மா" என்றார், மருத்துவமனையில் பார்க்கப் போன அம்பரீனிடம். "கை இருக்குது, சும்மா இருக்குது."

அந்த வாரமே அம்பரீன் பல்பை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவில் இறங்கினார். மோட்டார் வைத்த வீடு நாற்பது. முப்பத்தொன்றில் பல்பு எரியவில்லை. அவர் கணக்கு எளிமையானது. அறுபத்தொரு உறுப்பினர்கள் நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊரில் மோட்டார் இருக்கிற எல்லாத் தறியையும் பார்த்துவிடலாம். அறிக்கையில் சங்கத்தின் முத்திரை விழுந்தால் எர்த்துப் போட மானியம் கேட்கலாம். தலைமையகத்துக்கு ஏழு கடிதம் எழுதினார். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஏழுக்கும் ஒரே பதில்: இது கிளை விரிவாக்க ஆண்டு, மற்றவை பின்னர்.

எட்டாவதாக அங்கிருந்தே ஒரு கடிதம் வந்தது. இருநூறாவது கிளை அவசரமாகத் தேவைப்படுகிறது. ஒரு கிளைக்குக் குறைந்தது முப்பது பேர். காஞ்சியிலோ அறுபத்தொரு பேர். ஆகவே பெரிய காஞ்சிபுரம் கிளை, சின்ன காஞ்சிபுரம் கிளை என்று இரண்டாக்கித் தீர்மானம் அனுப்புக.

கலியாணசுந்தரத்துக்கு ஒரே குஷி. "கோயிலே அந்தப் பக்கம் சிவன், இந்தப் பக்கம் பெருமாள்னு பிரிஞ்சிருக்குது. கிளை பிரிஞ்சா இன்னாம்மா?"

"வீட்டுக்கு நடுவுல செவுரு எழுப்பினா எனக்கு ரெண்டு வீடு ஆயிடுமா சார்?"

"கோவப்படாதம்மா. செயலாளர் கையெழுத்து இல்லாம தீர்மானம் செல்லாது. நீ போடு. தறி சோதனைய நம்ம திறப்பு விழா மேடையிலேயே அகில இந்தியத் தலைவர் அறிவிக்கிறேன்னு சொல்லியிருக்கார். போன்ல பேசிட்டேன்."

எதிலும் விட்டுக்கொடுக்காத அம்பரீன் அன்று விட்டுக்கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் மேஜையில் எறிந்துவிட்டு வந்தார். கமலவேணியிடம் போய், "ஞாயித்துக்கிழமை வா. உன் எதிர்ல சொல்லட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதே மாடி ஹால், இரண்டு பேனர். அகில இந்தியத் தலைவர், கோயிலில் வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பத்தரை மணிக்கு வந்தார். கலியாணசுந்தரம் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தினார். தலைவர் மைக்கை நோக்கிக் கையை நீட்டியதும் பதறிப்போய், "சார், சார், அத சுத்திப் புடிங்க. லேசா சுருக்குனு இருக்கும்" என்றார். தலைவர் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் பொறியாளர்தான். தோளிலிருந்த பட்டு அங்கவஸ்திரத்தை உருவி, மைக்கில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பேச ஆரம்பித்தார்.

இருபது நிமிடம் பேசினார். இருநூறு என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் கைதட்டல். அடுத்து தாமல் கிராமத்தில் ஒரு கிளை, மாகறல் கிராமத்தில் ஒரு கிளை, இருநூற்றைம்பது நம் கைக்கெட்டும் தூரம் என்றார். தறி என்ற சொல் வரவில்லை. அம்பரீன் கலியாணசுந்தரத்தைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் கமலவேணி, வலது கையை மடியில் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நம்ம பேச்சு எப்ப வரும் டீச்சரம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். தலைவர் நன்றி சொல்லத் தொடங்கியிருந்தார்.

அம்பரீனுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எழுந்தார். மேடைப் படியேறிப் போய்த் தலைவர் கையிலிருந்த மைக்கை வாங்கினார். சுற்றியிருந்த பட்டை அவிழ்த்து மேஜையில் போட்டார். எட்டு வருடத்தில் முதல் முறையாக அந்த இரும்பை வெறுங்கையால் பிடித்தார், உதடு இறுகியது. மைக்கைத் தலைவர் பக்கம் நீட்டினார்.

"இப்ப பேசுங்க சார்."

தலைவரின் கை பாதி வந்தது. பிறகு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அம்பரீன் நீட்டிய கையை மடக்கவில்லை.