மாங்கனீசு உருண்டை கரைந்த மத்தியானம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். கோவை கணபதியில் வார்ப்பிரும்பு சோதிக்கும் லேப் ஒன்றில் இருபது வருடமாகக் கெமிஸ்ட். ரீடிங் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை, அவ்வளவுதான் என் சாமி. அந்த நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

பம்ப் கம்பெனிக்காரர் ஒருவர் உருளைக்கிழங்கு அளவில் ஒரு கறுப்பு உருண்டையைக் கொடுத்தார். ஆழ்கடல் தரையிலிருந்து இவற்றை உறிஞ்சி எடுக்க பம்ப் செய்கிறாராம், உள்ளே என்னென்ன உலோகம் என்று தெரிய வேண்டுமாம். சுறாப் பல்லோ சிப்பித் துண்டோ அடியில் கிடக்கும், கடல் நீரில் கரைந்திருக்கும் மாங்கனீசும் இரும்பும் அதன்மேல் ஏடு ஏடாகப் படியும், கூடவே நிக்கல், தாமிரம், கோபால்ட் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். சில மில்லிமீட்டர் வளரவே பத்து லட்சம் வருடம் ஆகும்.

அதை இடித்துப் பொடியாக்கி, தினமும் இரும்புத்தூளுக்கு ஊற்றுவதுபோல ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து எடை போட ஆரம்பித்தேன். பழக்க தோஷம். மாங்கனீசு ஆக்சைடில் அந்த அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், பள்ளிக்கூடப் பாடம் அது. புகையை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனின் மோட்டார் காயில் கட்டப் போயிருந்தது. ஃபவுண்டரி தூசிக்காகக் கதவையும் சாத்தியிருந்தேன். எனக்குச் சளி வேறு, வாசனை தெரியவில்லை, தொண்டை கரகரத்ததையும் சளி என்றே நினைத்தேன்.

"ஏனுங்க அம்மணி, சித்த வெளிய வாங்க."

ஆண் குரல், நிதானமாக. வேலை நேரத்தில் யாரடா என்று எரிச்சலோடு கதவைத் திறந்து வெளியே வந்தேன். ஒருவரும் இல்லை. திரும்பிக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் அடுப்பிலிருந்து பச்சை மஞ்சள் புகை என் நாற்காலி வரை வந்திருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே இருந்திருந்தால் அவ்வளவுதான். பத்தாவது படிக்கும் என் மகளுக்கு என்னை விட்டால் நாதியில்லை.

வாட்ச்மேனைக் கேட்டேன். "ஆரும் வரலீங்களே அம்மணி, நானு கேட்டுலயேதான உக்காந்திருக்கறேன்" என்றார்.

அப்போதுதான் உள்ளங்கை ஈரமாக இருப்பது தெரிந்தது. கதவுப் பிடியில் இருந்த ஈரம். புகை அடங்கியதும் பிடியில் வெள்ளையாகக் காய்ந்திருந்ததை வழித்துச் சோதித்தேன், கெமிஸ்ட் புத்தி விடுமா! உப்பு. குளோரின் பட்டு வந்த உப்பு என்பீர்கள். அதில் மெக்னீசியம் எப்படி வந்தது? எங்கள் போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்துதான் அதிகம். இதில் மெக்னீசியம் சுண்ணாம்புச் சத்தைவிட மூன்று பங்கு, கடல் நீரில் இருப்பதுபோல. மூன்று முறை செய்து பார்த்தேன், அதே ரீடிங்.

அதைக்கூட விட்டுவிடுவேன். ஆனால் வெளிப் பக்கத்துப் பிடி காய்ந்து தூசியோடு கிடந்தது. ஈரமாக இருந்தது, நான் மட்டுமே இருந்த அறையின் உள் பக்கத்துப் பிடி.