பக்கத்துக் காணிச் சோளம்

அந்த வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. இன்றும் யாராவது சேதன விவசாயம், நஞ்சில்லாத உணவு என்று பேசத் தொடங்கினால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. விவசாயத்தின் மேல் எனக்கு வெறுப்பில்லை. அங்கே நடந்த அசிங்கத்தில் என் கையும் இருந்தது, அதுதான்.

சேதன முறையில் விளைந்த மிளகு, மஞ்சள், சோளம் எல்லாம் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பனி மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில் இருந்தது. அதில் நான் வெளிக்கள உத்தியோகத்தர். தோட்டத்து லயத்தில் பிறந்து ஏ.எல். வரை படித்தவளுக்கு அது பெரிய உத்தியோகம். கம்பனிக்கு விற்கும் விவசாயிகளின் காணிகளுக்குப் போய், ரசாயன உரம் போடுகிறார்களா, களைநாசினி அடிக்கிறார்களா என்று பார்த்துப் படிவம் நிரப்புவேன். அந்தப் படிவத்தை வைத்துத்தான் அவர்களுக்குச் சான்றிதழ்.

நாவுலப் பக்கத்தில் என் பொறுப்பில் இருந்த விவசாயிகளில் ஒருவரை நானா என்றே கூப்பிடுவேன். எங்களூர் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி எனக்கு லாத்தா, அதாவது அக்கா. இரண்டு ஏக்கரில் சோளமும் பயற்றங்கொடியும் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெரும்போகத்திலும் நல்ல சோளப் பொத்திகளைத் தேர்ந்து அடுத்த போகத்துக்கு விதையாக வைப்பது லாத்தாவின் வேலை. கடையில் விதை வாங்கியதே இல்லை. சான்றிதழ் கிடைக்க மூன்று வருஷம் காத்திருந்தார்கள்.

அந்த வருஷம் பக்கத்துக் காணியை மாத்தளை டவுனில் விதைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி குத்தகைக்கு எடுத்துச் சோளம் போட்டார். பயிர் முழங்கால் உயரம் வந்ததும் ஊர் விவசாயிகளைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார். நானும் போயிருந்தேன். ஒரு ஆள் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு, களை மேலும் பயிர் மேலும் ஒன்றாகக் களைநாசினி அடித்தான். முதலாளி எல்லாருக்கும் ரோல்ஸும் சோடாவும் கொடுத்தார்.

"அடுத்த கிழம வந்து பாருங்க. களை கருகியிருக்கும், சோளம் நிக்கும்" என்றார்.

அடுத்த கிழமை போய்ப் பார்த்தேன், சொன்னபடியே நின்றது. களைநாசினிக்குச் சாகாத சோளம் எப்படிப்பட்டது என்று எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் முதலாளியிடமே கேட்டேன்.

"இது மரபணு மாத்தின விதையா?"

"அப்பிடி ஒண்ணும் இல்ல மிஸ். ஹைப்ரிட் தான். நல்ல ஜாதி."

வரம்பில் கிடந்த விதைப் பையைக் காட்டினேன். "பேக்குல பேரே இல்லயே?"

"பேரத் திங்கவா போறோம்?" என்று சிரித்தார். கையால் தைத்த வெள்ளைப் பை, ஒரு எழுத்துக்கூட இல்லை. கூட்டத்தன்று அடித்து முடித்ததும் அவருடைய ஆள் டாங்கியைக் கொண்டுபோய், ஊர்ப் பெண்கள் குளிக்கும் ஓடையில் கழுவினான். வெள்ளையாக நுரை போனது. எல்லாரும் ரோல்ஸைத் தின்றுகொண்டே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும்தான்.

அலுவலகத்துக்குப் போய் மனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், "நம்ம நாட்டுல அப்பிடி ஒரு விதைக்கு அனுமதியே இல்ல. இல்லாதத ரிப்போட்டுல எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டார். "ஓடர் போக வேண்டிய நேரம். பிரச்சினையாக்காதீங்க."

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பக்கத்துக் காணியிலிருந்து கலப்பு ஏற்படும் அபாயம் உண்டா? இரண்டு காணிக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு வரம்பு, அவ்வளவுதான். நான் 'இல்லை' என்று எழுதினேன். நானா கீழே கையெழுத்து வைத்தார்.

இரண்டு காணியும் ஒரே கிழமையில் பூத்தன. நான் போன அன்று நல்ல காற்று. நானாவின் பயற்றங்கொடி இலைகளில் சோளப் பூவின் மஞ்சள் மகரந்தம் படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அறுவடை முடிந்து மூடைகள் கம்பனிக்கு வந்தன. மாதிரி பார்க்கும் அறையில் ஒரு பிடி சோளத்தை அரைத்துத் தண்ணீரில் கலக்கி, ஒரு கடதாசிப் பட்டியை நனைப்பார்கள். ஒரு கோடு வந்தால் சுத்தம், இரண்டு வந்தால் மரபணு மாற்றிய சோளம் கலந்திருக்கிறது. நானாவின் சோளத்துக்கு இரண்டு கோடு வந்தது. மறுபடி பார்த்தார்கள், மறுபடியும் இரண்டு.

மனேஜர் கடிதம் அடிக்கச் சொன்னார். விவசாயி உரிய இடைவெளியைப் பேணத் தவறியதால் அவரைப் பட்டியலிலிருந்து நீக்குகிறோம் என்று இருக்க வேண்டும். அடித்துக் கொடுத்தேன். கொண்டுபோய்க் கொடுக்கவும் என்னையே அனுப்பினார்.

நானா முற்றத்தில் நின்றபடி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"நான் என்ன பிழ செஞ்சேன் மிஸ்?"

"நீங்க ஒண்ணும் செய்யல்ல நானா."

"அப்ப இதுல ஏன் என்ட பேரு ஈக்கி? பக்கத்துக் காணி மனுசன்ட பேரு எங்க?"

லாத்தா குசினியிலிருந்து வந்தார். விதைக்கு எடுத்து வைத்த பொத்திகளில் ஒன்று அவர் கையில் இருந்தது.

"இந்த வித்தப் போட ஏலாதா இனி?"

"போட்டா மறுபடியும் கலப்புத்தான் வரும் லாத்தா."

"எதுல கலந்தீக்கி, எதுல இல்லண்டு பொறுக்க ஏலாதா?"

"கண்ணால பாத்துத் தெரியாது."

அவர் அந்தப் பொத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய விதை மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் அந்தப் போகத்தில் விதைத்துவிட்டிருந்தார்கள்.

முறைப்பாடு கொடுக்க நானாவோடு ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த ஐயா மேசையில் நகம் வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். வெட்டிய துண்டுகள் எங்கள் கடிதத்தின் மேல் விழுந்தன. கடைசியில் சிங்களத்தில் சொன்னார், நாட்டில் இல்லாத பயிரைப் பற்றி முறைப்பாடு எடுக்க முடியாது, அதற்குப் படிவமும் இல்லை என்று. மனேஜர் சொன்ன அதே கதை. நகத்துண்டுகளை ஊதிவிட்டுக் கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

பஸ்ஸுக்காக நிற்கும்போது நானாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஃபோம்ல அபாயம் இல்லன்னு எழுதினது நான்தான். எனக்குத் தெரிஞ்சுதான் எழுதினேன்."

அவர் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "வாசிச்சிட்டுத்தான் மிஸ் கையெழுத்து வெச்சேன். உண்மைய எழுதினா அண்டைக்கே என்ட பேர வெட்டியிருப்பாங்க தானே."

என்னைத் திட்டியிருக்கலாம். அவர் திட்டாதது இன்னும் கேவலமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் அலுவிகாரையில், உல்லாசப் பயணிகள் வரும் ஒரு கடையில் எங்கள் கம்பனியின் சோளமாப் பக்கற்றைப் பார்த்தேன். முன்பக்கத்தில் நானா சிரித்துக்கொண்டிருந்தார். சான்றிதழ் கிடைத்த வருஷம் எடுத்த படம். கீழே 'எங்கள் விவசாயி' என்று போட்டிருந்தது. அவரை வெளியே தள்ளி ஐந்து மாதமாகியிருந்தது. மனேஜரிடம் அந்தப் படத்தை எடுக்கச் சொன்னேன்.

"படம் நல்லாத்தானே இருக்கு" என்றார். "அடுத்த தரம் அச்சடிக்கும்போது பாப்பம்."

அன்றே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. டவுனில் ஒரு பாமசியில் இடம் கிடைக்கும் வரை, இன்னும் நான்கு மாதம், அதே படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

போன பெரும்போகத்தில் நாவுலவுக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது நானா வீட்டுக்கும் போனேன். அவர் காணியில் நின்றார். முதுகில் டாங்கி. களை, பயிர் என்று பார்க்காமல் அடித்துக்கொண்டு போனார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"முதல் பேக் சும்மா தந்தான் அந்த விதைக்கட மனுசன்" என்றார். "சேதனம்னு இனி யாரும் என்ட சோளத்த எடுக்கப் போறல்ல. உங்கட லாத்தாக்கும் இடுப்பு நோவு, குனிஞ்சு களை புடுங்க ஏலா. வேற என்ன செய்ய?"

"வீட்டுக்கும் இதுதானா நானா?"

"இல்ல, நாங்க இதத் திங்கிறல்ல. கோழித் தீனிக்குப் போகுது." பிறகு அவரே சொன்னார். "கோழியத் திங்கிறோம் தானே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

லாத்தா தேத்தண்ணி கொண்டுவந்தார். நானா கோப்பையை எடுக்கக் கை நீட்டினார். லாத்தா கொடுக்கவில்லை. வாளியையும் சவுக்காரத்தையும் கொண்டுவந்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினார். தேய்த்துக் கழுவியதும் அந்தக் கையை இழுத்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னம் மணக்குது" என்று மறுபடி ஊற்றினார்.